ஏழாம் நம்பர் காட்டுக்குப் பச்சை விளக்கு

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நான் உங்கள் சாஃப்ட்வேர் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஜன்னலோரத்துக் கடைசி மேஜை, மழைக்கு ஒழுகுமே, அது என்னுடையதாக இருந்தது. இப்போது அங்கே யார் உட்கார்ந்திருக்கிறீர்களோ, வாளியைச் சுவரோரமாக வையுங்கள். கூரையில் ஈரம் தெரியும் இடம் வேறு, சொட்டுகிற இடம் வேறு.

உங்கள் டீம் லீட் மேடம் என்னைக் கூப்பிட்டு, "புதுசா வந்தவங்களுக்கு உங்க அனுபவத்துல ஒண்ணு எழுதிக் குடுங்கண்ணா" என்றார். எதை எழுதுவது என்று எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. அவரிடம் மட்டும் கேட்டுக்கொண்டேன், அந்த யானை விஷயத்தை எழுதட்டுமா என்று. "எழுதுங்க. என் பேரைப் போட வேண்டாம். எப்படியும் கண்டுபிடிச்சுருவாங்க" என்றார்.

நான் பன்னிரண்டாம் வகுப்பும் தட்டச்சும் படித்தவன். டீ ஃபாக்டரி ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, "உனக்குத்தான் டைப் அடிக்க வருமே" என்று அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். அப்படியே இந்தத் தொழிலில் வந்து விழுந்தவன். பெரிய கருத்துகள் எனக்குச் சொல்ல வராது. நடந்ததைச் சொல்ல வரும்.

உங்களோடு என் மகளும் சேர்ந்திருக்கிறாள். நான் எழுதப்போவது அவளுக்கும் இதுவரை தெரியாது. அது நடந்தபோது அவள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாள், பரீட்சை நேரம். "புள்ளைகிட்டச் சொல்ல வேண்டாமுங்க" என்று அவள் அம்மா சொன்னாள். அப்புறம் சொல்ல வேளை வரவில்லை. வேளை வந்தபோது வாய் வரவில்லை. மகளே, பொறுமையாகப் படி.

குன்னூரிலிருந்து பர்லியாறு பக்கம் இறங்கும் சரிவில் ஒரு எஸ்டேட். பெயர் வேண்டாம். என் மனைவி சரசு அங்கே கொழுந்து பறிப்பவள். தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் அவளுக்குக் கொடுத்த வீட்டில்தான் குடியிருந்தோம். நான் காலையில் பஸ் பிடித்துக் குன்னூர் வந்து புரோகிராம் எழுதுவேன். அவள் கத்தரி எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் போவாள். எஸ்டேட்டில் ஒவ்வொரு தேயிலைப் பாத்தியையும் காடு என்றுதான் சொல்வோம்: மூன்றாம் நம்பர் காடு, ஏழாம் நம்பர் காடு என்று. பலாப்பழ சீசன் வந்துவிட்டால் கீழே அடிவாரத்திலிருந்து யானைகள் ஏறி வரும். பலா மரம் இருப்பது தேயிலைக்கு நடுவே. தேயிலைக்கு நடுவேதான் எங்கள் பெண்களும் நிற்பார்கள்.

அதற்காக நம் ஆபீஸ் அந்த எஸ்டேட்டுக்கு ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தது. ஒவ்வொரு காட்டுக்குள் நுழையும் இடத்திலும் ஒரு கம்பம், அதில் சிவப்பும் பச்சையும் விளக்கு, எஸ்டேட் ஆபீஸிலிருந்து வயர் இழுத்திருந்தது. எஸ்டேட்டின் யானை வாட்சர்கள் விடியும் முன்பே சுற்றி வந்து, பார்த்ததைப் போனில் ஒரு வரியாக எழுதுவார்கள். எந்தக் காடு, எத்தனை யானை, ஏறுகிறதா இறங்குகிறதா நிற்கிறதா. பள்ளத்தில் சிக்னல் கிடையாது. ஆகவே எழுதி எழுதி வைத்துக்கொண்டு, மேட்டுக்கு ஏறி வந்ததும் எல்லா வரியையும் ஒரே கட்டாக அனுப்புவார்கள். அதை நம் புரோகிராம் பிரித்துப் படித்து, யானை இருக்கும் காட்டுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் போடும். காலையில் ஆள் கூடிப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒரு பலகையிலும் அது தெரியும். அதைப் பார்த்துத்தான் சூப்பர்வைசர், யார் எந்தக் காட்டுக்கு என்று பிரித்து விடுவார்.

அந்த வரியைப் பிரித்துப் படிக்கிற பார்சர் முதலில் நான் எழுதியது. பக்கம் பக்கமாக 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்று போகும். நானே மறுபடி படிக்கப் பயப்படுவேன். அதற்கு ஒரு குணம் இருந்தது. எதையாவது புரியவில்லையென்றால், எல்லாக் கம்பத்தையும் சிவப்பாக்கிவிடும். வாட்சர் ஒருவர் தெரியாமல் ஒரு காலி வரி தட்டிவிட்டார், எஸ்டேட் முழுக்கச் சிவப்பு. இன்னொருவர் இடைவெளி அதிகம் விட்டார், மறுபடியும் சிவப்பு. பெண்கள் வேலையில்லாமல் களத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது தடவைக்கு எஸ்டேட் மேனேஜர் நேரில் ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, உங்க கம்பம் யானையைப் பார்த்து எரியுதா, இல்ல அதுக்கே பயம் வந்தா எரியுதா?"

நான் எழுந்து நின்றேன்.

"இன்னொருக்கா சும்மா செவப்பு எரிஞ்சா நானே ஆள் விட்டுக் கழட்டிப் போட்டுருவேன். கொழுந்து முத்திப்போனா நீங்களா வந்து பறிப்பீங்க?"

அவர் போன பிறகுதான் நம் லீட் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். ஊட்டிக் காந்தல்காரர், என்னைவிட ரொம்பவே இளையவர். "அண்ணா, இதுல எத்தனை இஃப் இருக்கு?" என்று கேட்டார்.

"எண்ணிப் பார்க்கலீங்க மேடம்."

"பார்க்காதீங்க. அழுகை வந்துரும்."

அவர்தான் அதை ஹாஸ்கெலில் திருப்பி எழுதினார். அது ஃபங்ஷனல் மொழி, சின்னச் சின்னத் துண்டுகளைக் கோத்தே புரோகிராம் எழுதுவார்கள். அதில் எழுதியதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். பார்த்து அதிர்ந்து போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு எண்ணைப் படிக்கத் தெரிந்த சின்னத் துண்டு ஒன்று. காற்புள்ளியைப் படிக்க ஒன்று. திசையைப் படிக்க ஒன்று. இவற்றைக் கோத்தால் ஒரு வரியைப் படிக்கத் தெரிந்த துண்டு. அதன் முன்னால் 'மெனி' என்று ஒரு சொல்: எத்தனை வரி வந்தாலும் படித்துச் சேர்த்துக்கொண்டே போ. இன்னொரு சொல் 'ட்ரை': ஒரு வரி பாதியில் பொருந்தாமல் போனால், எதையும் தொடாதவன் மாதிரி வரியின் தொடக்கத்துக்கே திரும்பி வந்துவிடு. முடிந்தது. ஃபார்மேட்டை வாயால் எப்படிச் சொல்வோமோ அதே வரிசையில் புரோகிராம் நின்றது. எத்தனையாவது எழுத்தில் நிற்கிறோம் என்று நான் வருஷக்கணக்கில் விரல் வைத்து எண்ணிய வேலையே அங்கே இல்லை.

"இவ்வளவுதானுங்களா?" என்றேன்.

"இவ்வளவுதாங்கண்ணா. இதுல தப்பா எதையாவது கோத்தா, ஓடறதுக்கு முன்னாடியே கம்பைலர் சரிபார்த்து நிறுத்திரும். அது ஒத்துக்கிட்டா, நாம நிம்மதியா டீ குடிக்கப் போகலாம்."

கேலிக்காகச் சொல்லவில்லை. அந்த மொழி எழுதுகிறவர்கள் எல்லோரும் அப்படி நம்புவார்கள். நீங்களும் நம்புவீர்கள். அதில் நியாயமும் உண்டு. மாதிரிக்குப் பழைய கட்டுகளை எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். காலி வரியைத் தாண்டியது, கூடுதல் இடைவெளியைத் தாண்டியது, ஒன்று விடாமல் படித்தது. நான் வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றியே பேசினேன். "புரோகிராம் அழகா இருக்குன்னு ஒரு மனுசன் சாப்பிடாம உக்காந்திருக்கறத இப்பத்தான் பார்க்கறேன்" என்றாள் சரசு.

பலா பழுக்கத் தொடங்கியது. புதிய பார்சர் ஒரு தடவைகூடச் சும்மா கத்தவில்லை. மேனேஜர் ஆபீஸுக்கு ஒரு பாக்கெட் நல்ல டீத்தூள் கொடுத்துவிட்டார்.

அந்தக் காலை நான் முதல் பஸ்ஸில் வந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் லீட்டும் வந்தார். வெளியே மூடுபனி, எதிர்க்கடை ஷட்டர்கூடத் தெரியவில்லை. எஸ்டேட்டிலிருந்து கட்டு வந்திருந்தது. திரையில் இரண்டு வரி. மூன்றாம் நம்பர் காட்டில் இரண்டு யானை, இறங்குகிறது. பதினொன்றாம் நம்பரில் ஒன்று, ஏறுகிறது. அந்த இரண்டுக்கும் சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை. கீழே, பிழை இல்லை என்று போட்டிருந்தது. நான் டீ போடப் போனேன்.

சரசு போன் செய்தாள்.

"ஏனுங்க, டப்பா மாறிப்போச்சுங்க. உங்க எலுமிச்சைச் சோறு எங்கிட்ட இருக்குது. எந்துது உங்ககிட்டத்தான் இருக்கோணும்."

"இருக்கட்டும், நான் அதைச் சாப்பிட்டுக்கறேன்."

"அதுல கருவாட்டுக் குழம்பு. ஆபீஸ்ல தொறக்காதீங்க, உங்க மேடம் அம்மிணி ஓடிப்போயிரும்." சிரித்தாள். பின்னால் நடந்து வருகிறவர்களின் பேச்சும் கேட்டது. "இன்னிக்கு மூணாம் நம்பர்தான் எங்களுக்கு. அங்க செவப்புன்னு ஏழுக்கு மாத்தி உட்டுட்டாங்க. அங்கதான் போயிட்டிருக்கறோம்."

"சரி, பார்த்துப் போ."

"பெரட்டுக்கு வர்ற வழியில, காடு பிரிச்சு உடறதுக்கு முன்னயே, வாட்சர் மணியண்ணனைப் பார்த்தனுங்க. மேலிருந்து எறங்கி வர்றாரு. வெரல் தேயத் தேய எழுதி அனுப்பிச்சாராமா. அஞ்சாம் நம்பர்ல குட்டி போட்டிருக்குதாமா, பொறந்து ஈரங்கூடக் காயலையாமா. அவ்வளவு சந்தோசம் அந்த மனுசனுக்கு."

நான் கையில் டம்ளரோடு திரையைப் பார்த்தேன். இரண்டே வரி. அஞ்சாம் நம்பர் என்று ஒன்றுமே இல்லை.

பிள்ளைகளே, அந்த நொடியை நான் எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்திருக்கிறேன். எனக்கு எதுவும் புரிந்துவிடவில்லை. பார்சரில் என்ன கோளாறு என்று தெரியவில்லை, கோளாறு இருக்கிறதா என்றே தெரியவில்லை. மணி அண்ணன் விரல் தேய எழுதியதாகச் சொன்னார். திரை இரண்டே வரி காட்டியது. அவ்வளவுதான் தெரிந்தது.

"சரசு, நில்லு" என்றேன். "நடக்காதே, அங்கேயே..."

லைன் போய்விட்டது. ஏழாம் நம்பருக்குப் போகும் வழி பள்ளத்தில் இறங்குகிறது. அங்கே சிக்னல் கிடையாது என்று முன்னமே சொன்னேன். நான் சொன்னதில் எது அவள் காதில் விழுந்தது, எது விழவில்லை என்று எனக்குத் தெரியாது. திரும்ப அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. சூப்பர்வைசருக்கு அடித்தேன். அவரும் அவர்களோடுதான் நடந்துகொண்டிருந்தார்.

லீட்டிடம் சொன்னேன். அவர் நிதானமாகவே பேசினார். "அண்ணா, இருங்க. திரையில பிழைன்னு எதுவும் காட்டல. மணியண்ணன் இன்னும் அனுப்பாம வெச்சிருக்கலாம், ரெண்டாவது கட்டா வரலாம். வந்த கட்டை அப்படியே தொறந்து பார்த்துடறேன், ரெண்டு நிமிசம் குடுங்க."

"ரெண்டு நிமிசத்துல அவங்க உள்ள போயிருவாங்க மேடம்."

"சும்மா செவப்பு போட்டோம்னா கம்பத்தைக் கழட்டிருவாரு. நாளைக்கு நெஜமாவே வரும்போது எரியறதுக்கு ஒண்ணும் இருக்காதுங்கண்ணா."

அதில் தப்பே இல்லை. இன்றைக்கும் அதில் தப்பு இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாளைக்கு வருகிற யானைக்கு நாளைக்கு வேறு வழி தேடலாம், இப்போது நடந்துகொண்டிருக்கிறவர்களுக்கு இன்று மட்டும்தான் இருக்கிறது என்று தோன்றியது. எல்லாக் கம்பத்தையும் கையாலேயே சிவப்பாக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது, உங்களுக்கும் காட்டியிருப்பார்கள். அதை அமுக்கினேன். அமுக்கிவிட்டுத்தான் கட்டைத் திறந்தோம்.

மணி அண்ணன் அனுப்பியது இது:

3, 2, இறங்குது
11, 1, ஏறுது
5, 4+, நிக்குது
7, 1, நிக்குது
9, 2, ஏறுது

நான்காவது வரியைப் பார்த்தபோது லீட் ஒரு சத்தம் போட்டார். வார்த்தை இல்லை. வெறும் சத்தம்.

ஏழாம் நம்பரில் ஒன்று. நின்றுகொண்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒன்றென்று எழுதி நிற்கிறதென்றும் எழுதினால் அது பெரும்பாலும் கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரியும் கொம்பன்தான்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். எங்கள் லைனில் பச்சைக் குழந்தையை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள், கண் பட்டுவிடும். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், "நாலு பேருங்க, கையில ஒண்ணு" என்பார்கள். அஞ்சு என்று சொல்ல மாட்டார்கள். மணி அண்ணன் யானைக் குட்டிக்கும் அதே மரியாதையைக் கொடுத்துவிட்டார். நாலு எழுதி, கையில் ஒன்றுக்கு ஒரு கூட்டல் குறி போட்டார். அந்தச் சீசனில் அதுவரை குட்டி பிறக்கவில்லை. அதனால் அப்படி ஒரு வரி எங்கள் மாதிரிக் கட்டுகளில் வந்ததே இல்லை.

எண்ணைப் படிக்கிற துண்டு நாலைப் படித்தது. அடுத்தது காற்புள்ளி வர வேண்டும், கூட்டல் குறி வந்தது. பொருந்தவில்லை. ட்ரை, எதையும் தொடாதவன் மாதிரி வரியின் தொடக்கத்துக்குத் திரும்பியது. மெனி, இனி படிக்க வரி இல்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதுவரை சேர்த்த இரண்டு வரியையும் கொடுத்து, வெற்றி என்று சொல்லிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு துண்டும் எழுதியபடியே நடந்துகொண்டது. கம்பைலரும் சரியாகவே ஒத்துக்கொண்டது. மிச்சம் மூன்று வரி யாரும் தொடாமல் அப்படியே கிடந்தது. அதைப் பற்றிக் கேட்க அந்தப் புரோகிராமில் யாருமே இல்லை.

எனக்கு அதைவிட ஒன்று உறைத்தது. சரசுவும் மற்றவர்களும் அன்று ஏழாம் நம்பருக்குப் போகவே வேண்டியதில்லை. மூன்றில் யானை என்று எங்கள் பலகை சொன்னதால்தான் ஏழுக்கு மாற்றினார்கள். ஏழில் பச்சை என்று எங்கள் பலகை சொன்னதால்தான். யானைக்கு எதிரே நாங்களே கைப்பிடித்துக் கொண்டுபோய் விட்டிருக்கிறோம்.

மேனேஜர் போன் செய்தார். எடுத்ததுமே, "என்னய்யா, மறுபடியுமா?"

"ஏழாம் நம்பர்ல ஒத்தை நிக்குதுங்க சார். ஆளுங்க உள்ள போயிட்டிருக்காங்க."

ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. போனைக்கூட அணைக்கவில்லை, வழி முழுக்க அந்த இன்ஜின் இரைச்சலை நாங்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். லீட் இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தாண்ணா அனுப்பியிருக்கேன்" என்றார்.

"நாம அனுப்பியிருக்கோம்" என்றேன்.

அங்கே நடந்ததைச் சரசு எனக்குப் பல நாள் கழித்துத் துண்டு துண்டாகச் சொன்னாள். அவள் காதில் விழுந்தது 'நில்லு' என்ற ஒரே சொல். வரிசையில் அவள்தான் முன்னால். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும், ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் சரிவு. அவள் நின்றுவிட்டாள். அப்போது எதிரே கம்பம் பச்சையிலிருந்து சிவப்பானது.

பின்னால் வந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். "சரசு, உன்ற ஊட்டுக்காரர் பொத்தான் மேல டம்ளரை வெச்சுட்டாரு போ." சூப்பர்வைசரும், "முன்னாடியும் இப்படித்தான் எரிஞ்சுது, நடங்க நடங்க, நேரமாகுது" என்றார்.

சரசு நடு வழியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இத்தன வருசத்துல அவரு எனக்கு ஒரு வேலையும் ஏவுனதில்ல. இன்னிக்கு நில்லுன்னாரு. என்னையத் தாண்டிப் போறவ போங்கடி, பார்க்கலாம்" என்றிருக்கிறாள். அந்த வழியில் அவளைத் தாண்ட முடியாது. திட்டினார்கள். ஒருத்தி அவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் பலாப்பழம் ஒன்று தரையில் விழுந்து பிளக்கும் சத்தம். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு வளைவிலிருந்து தலை மட்டும் வெளியே வந்தது. பனி, அதனால் உடம்பு தெரியவில்லையாம். தலையும் இரண்டு கொம்பும் மட்டும், பனியில் மாட்டி வைத்தது போல. அவர்கள் நடந்திருந்தால் அந்த வளைவில் அதன் காலடியில்தான் போய் முட்டியிருப்பார்கள். யாரும் ஓடவில்லை, ஓட இடமும் இல்லை. முகத்தைத் திருப்பாமல், பின்பக்கமாகவே ஒவ்வொரு அடியாக மேட்டுக்கு ஏறினார்கள். ஒருத்தியின் இடுப்பிலிருந்து, செடியின் ஈரம் படாமல் கட்டும் படங்குத் துணி அவிழ்ந்து வழியில் விழுந்தது. கொம்பன் அதைத் துதிக்கையால் எடுத்து மோந்து பார்த்தது. பார்த்துவிட்டுத் தேயிலைச் செடிமேல் போட்டது. அவ்வளவுதான். பின்னாலேயே ஜீப்பின் ஹாரன் கேட்டு, அது சரிவில் இறங்கிப் போய்விட்டது.

"எல்லாரும் மேல வந்துட்டாங்க" என்று மேனேஜர் போனில் சொன்னபோது நான் உட்கார்ந்தேனா, நின்றேனா என்று இன்றுவரை தெரியவில்லை. டீ மேஜை முழுக்கக் கொட்டியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

லீட் ஒரே ஒரு சொல்லைத்தான் சேர்த்தார். மெனிக்குப் பின்னால், 'இஓஎஃப்'. கட்டு இத்தோடு முடிய வேண்டும், மிச்சம் ஒரு எழுத்து இருந்தாலும் படித்ததாகச் சொல்லாதே என்று அதற்குப் பொருள். உங்களுக்கு அது முதல் வாரத்திலேயே சொல்லித் தரப்படும் விஷயம். ஒரு பரீட்சைக் கேள்வி மாதிரி அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இப்போது மிச்சம் இருந்தால் எல்லாக் கம்பமும் சிவப்பாகும், எந்த எழுத்தில் நின்றோம் என்று திரை காட்டும். என் பழைய பார்சரும் புரியாததற்குக் கத்தியதுதான். ஆனால் எதற்குக் கத்துகிறோம் என்று அதற்கே தெரியாது. அதனால்தான் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

மணி அண்ணனிடம் இனிமேல் அஞ்சு என்றே எழுதச் சொல்லலாம் என்று லீட் அவருக்குப் போன் போட்டார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அதை மட்டும் கேக்காதீங்க அம்மிணி. பச்சக் குட்டியை எண்ண மாட்டனுங்க. நாலு எழுதறேன், கையில ஒண்ணுன்னு நீங்களே வெச்சுக்குங்க."

"சரிங்கண்ணா" என்றார் லீட். "உங்க கூட்டல் குறியை நாங்களே படிச்சுக்கறோம்." எண்ணுக்குப் பின்னால் கூட்டல் குறி இருந்தாலும் இருக்கலாம் என்று ஒரு துண்டு சேர்ந்தது. இப்போதும் அது இருக்கிறது. தேவையில்லை என்று யாராவது எடுத்துவிடாதீர்கள்.

படிக்க முடியாமல் போனாலும் இனி சிவப்பு எரியும் என்று மேனேஜரிடம் சொல்ல நான்தான் போனேன். பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டிருந்தார். கம்பத்தைப் பற்றி அவர் முன்பு சொன்னதை நினைத்துக்கொண்டே பேசினேன்.

"படிக்க முடியலைன்னாலும் செவப்பா?"

"ஆமாங்க சார். யானை இல்லாமலும் எரியும்."

களத்தில் பெண்கள் நின்ற பக்கம் பார்த்தார். "எரியட்டும்" என்றார்.

அன்று வீட்டுக்குப் போனபோது சரசு பைப்படியில் குடம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின குடத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். கையை நிறுத்தாமலே கேட்டாள்:

"அப்ப அந்த மெசினு என்னதான் சொல்லுச்சுங்க?"

"சரியாப் படிச்சுட்டேன்னு சொல்லுச்சு."

"சரியாவா?"

"படிச்ச வரைக்கும் சரி."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "படிக்காததுக்கு யாருங்க சரின்னு சொன்னது?"

பிள்ளைகளே, உங்கள் புரோகிராம் பச்சை காட்டும் ஒவ்வொரு தடவையும் இந்தக் கேள்வியை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு எதையும் சொல்லித் தர எனக்குப் படிப்பு போதாது.

மறுநாள் அவர்களுக்கு ஏழாம் நம்பர் காடுதான். கொழுந்து முத்திவிடும், விட முடியாது. பெரட்டுக் களத்திலிருந்தே, பள்ளத்தில் இறங்கும் முன், சரசு எனக்குப் போன் செய்தாள். யானை இருக்கிறதா என்று கேட்கவில்லை.

"கடைசி எழுத்து வரைக்கும் படிச்சாச்சுங்களா?"

நான் கட்டைத் திறந்து, கீழே கடைசி வரி வரைக்கும் என் கண்ணாலேயே பார்த்தேன், ஏழாம் நம்பர் எந்த வரியிலும் இல்லை. அவள் காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் யாரும் நடக்கவில்லை, யாரும் பேசவும் இல்லை.

"படிச்சாச்சு சரசு" என்றேன். "போங்க."